வால் ட்ரிம் பரிசோதனைக்கு ஆணை வந்தால்: முதல் விமானம் வாங்கியவர்களுக்கு

பழைய செஸ்னாவோ பைப்பரோ ஒன்றை வாங்கி அமெரிக்கப் பதிவில் பறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யிடமிருந்து தபாலில் ஒரு காகிதக் கட்டு வரும். வாலில் உள்ள ட்ரிம் அமைப்பில் (விமானியின் கைப்பளுவைக் குறைப்பது) ஏதோ ஒரு போல்ட்டோ, அதை நகர்த்தும் ஆக்சுவேட்டரோ குறையுள்ளதாக இருக்கலாம், இத்தனை மணி நேரத்துக்குள் பரிசோதித்தாக வேண்டும் என்று அதில் இருக்கும். எழுதியிருக்கும் நடை வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான். எனக்கு அது புரியவே பல நாள் பிடித்தது. மெக்கானிக்கிடம் ஒன்று கேட்டால் எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தைக் கேள் என்பார், அவர்கள் உற்பத்தியாளரைக் கேள் என்பார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை பெரும்பாலும் சின்ன வேலை. ஆளைச் சாய்ப்பது காகிதம்தான். கீழே உள்ளவற்றில் பாதியை விமானத்தை ஹேங்கரிலிருந்து நகர்த்தாமலே முடித்துவிடலாம்.

1. கையில் இருப்பது என்ன காகிதம்?

வருவதெல்லாம் கட்டாய ஆணை இல்லை. நான்கு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஏர்வர்த்தினஸ் டைரக்டிவ், அதாவது வான்தகுதி ஆணை, எல்லோரும் சொல்வது ஏ.டி. இதுதான் சட்டம். ஒரு ஏ.டி.யை நிறைவேற்றாமல் பறந்தால் ஒவ்வொரு முறை பறப்பதும் தனித்தனி விதிமீறல். இதிலேயே அவசர ஏ.டி. என்று ஒன்று உண்டு. அது வந்தால் அடுத்த முறை பறக்கும் முன்பே வேலையை முடிக்கச் சொல்லியிருக்கலாம், எனவே அன்றே படியுங்கள்.

என்.பி.ஆர்.எம். என்பது வரப்போகும் ஏ.டி.யின் முன்வரைவு. கருத்துக் கேட்பார்கள், இன்னும் கட்டாயம் இல்லை. ஆனாலும் குப்பையில் போடாதீர்கள். என்ன பாகம், எத்தனை மணி நேர வேலை, என்ன விலை என்று அதிலேயே தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசி வைக்க அது போதும்.

அடுத்தது உற்பத்தியாளரின் சர்வீஸ் புல்லட்டின். மேலே கொட்டை எழுத்தில் 'மேண்டேட்டரி' என்று போட்டிருந்தாலும், சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை அது தானாகக் கட்டுப்படுத்தாது, ஒரு ஏ.டி. அதைச் சுட்டினால்தான் கட்டாயம். கட்டாயமில்லை என்பதற்காக ட்ரிம் சம்பந்தப்பட்ட புல்லட்டினைத் தள்ளிப்போடுவதை நான் செய்ய மாட்டேன், அது என் சொந்தக் கருத்து. கடைசியாக எஸ்.ஏ.ஐ.பி., எஃப்.ஏ.ஏ. வெளியிடும் தகவல் குறிப்பு. வெறும் தகவல், பரிந்துரை.

இந்தக் கடிதங்கள் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வீடு மாறினால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விமானம் வாங்கியதும் முகவரியைச் சரிபாருங்கள். அதோடு எஃப்.ஏ.ஏ.யின் விதிகளும் ஆணைகளும் கிடைக்கும் டி.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் விமான மாடல், எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்துவிடுங்கள். காசு கிடையாது.

2. உங்கள் விமானத்துக்குப் பொருந்துமா?

ஏ.டி.யின் முன்பகுதியில் நீளமாக விளக்கம் இருக்கும். முதல் வாசிப்பில் அதைத் தாண்டிவிடுங்கள். பின்னால் எழுத்து வரிசையிட்ட பத்திகள்தான் ஆணை. அதில் முதலில் 'அப்ளிக்கபிலிட்டி' பத்தி: மாடல், சீரியல் எண் வரம்பு. சில ஏ.டி.கள் விமானத்தின் சீரியலைப் பார்க்காமல் பொருத்தியிருக்கும் ஆக்சுவேட்டரின் பாக எண்ணைப் பார்க்கும். அப்படியென்றால் பழைய லாக்புக்கைப் புரட்டி, பாகத்தை எப்போதாவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். லாக்புக் மௌனமாக இருந்தால் பேனலைத் திறந்து எண்ணைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

சீரியல் எண்ணைப் பதிவுச் சான்றிதழிலிருந்து எடுக்காமல் விமானத்தின் உடலில் அடித்திருக்கும் தகட்டிலிருந்தே எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறு தலைவலி, அதை முதலில் தீர்க்க வேண்டும்.

இங்கே பலர் விழும் குழி: 'என் வால் ஏற்கெனவே மாற்றியமைத்தது, எனவே இது எனக்கு இல்லை' என்பது. பட்டியலில் உங்கள் விமானம் இருந்தால், அந்த இடத்தை மாற்றியிருந்தாலும் ஏ.டி. பொருந்தும். மாற்றியதால் ஆணைப்படி வேலை செய்ய முடியவில்லை என்றால், மாற்று வழிக்கு அனுமதி கேட்க வேண்டும். அதன் பெயர் ஏ.எம்.ஓ.சி. விண்ணப்பத்தை எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த ஏ.டி.யிலேயே இருக்கும். பதில் வரும்வரை கெடு உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, இந்த ஏ.டி. பழைய ஒன்றை ரத்து செய்துவிட்டு வந்ததா என்று பாருங்கள். பழையதற்குச் செய்த வேலைக்குக் கணக்கு உண்டா என்பது 'கிரெடிட்' என்று தொடங்கும் பத்தியில் இருக்கும். புல்லட்டினின் எந்த திருத்தப் பதிப்பின்படி செய்திருந்தால் செல்லும் என்பது வரை அதில் சொல்லியிருப்பார்கள்.

3. கெடுவைக் கணக்கிடுவது

'நடைமுறைக்கு வரும் தேதியிலிருந்து 100 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்கிற மாதிரி இருக்கும். காகிதம் உங்கள் கைக்கு வந்த தேதி கணக்கில் வராது.

மணி நேரம் என்பது டைம் இன் சர்வீஸ், அதாவது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை. டாக்ஸியில் ஓடியது சேராது. ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரம் முழுவதையும் எண்ணும், டாக்கோமீட்டர் எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப எண்ணும். உங்கள் லாக்புக்கில் விமானத்தின் மொத்த நேரம் எந்த மீட்டரை வைத்து எழுதப்பட்டு வருகிறதோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மீட்டரை மாற்றினால் அடுத்த முறை கணக்குப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

வாடகைக்கு ஓடும் விமானங்களின் 100 மணி நேரப் பரிசோதனைக்கு, பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர 10 மணி நேரம் வரை சலுகை உண்டு. அதே சலுகை ஏ.டி.க்கும் உண்டு என்று ஹேங்கரில் யாராவது சொல்வார்கள். கிடையாது. 100 என்றால் 100தான்.

கெடு தாராளமாக இருந்தாலும் வருடாந்தரப் பரிசோதனை அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். வாலின் பேனல்களை அப்போது எப்படியும் திறப்பார்கள், திறந்து மூடும் கூலி ஒரு முறையோடு போகும். கெடு முடியும் கடைசி வாரத்துக்கு மட்டும் தள்ளாதீர்கள். ஒரு ஏ.டி. வெளியானால் அதே மாடல் வைத்திருக்கும் எல்லோரும் அதே பாகத்தைத்தான் தேடுவார்கள்.

4. சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்:

- ஏ.டி. முழுப் பிரதி, டி.ஆர்.எஸ். தளத்திலிருந்து இறக்கியது. யாரோ சுருக்கி எழுதியது உதவாது.
- அது சுட்டும் சர்வீஸ் புல்லட்டின், சொன்ன அதே திருத்த எண்ணில். எங்கே கிடைக்கும் என்று ஏ.டி.யின் கடைசிப் பத்தியில் முகவரி இருக்கும்.
- உங்கள் மாடலின் பராமரிப்பு மேனுவலில் ட்ரிம் பகுதியும் பாகப் பட்டியலில் வால் பக்கமும்.
- விமானத்தின் டைப் சர்டிஃபிகேட் தரவுத்தாள். டேப் (வாலின் பின்விளிம்பில் அசையும் சின்னத் தகடு) மேலே எத்தனை டிகிரி, கீழே எத்தனை டிகிரி போக வேண்டும் என்பது அதில் இருக்கும்.
- ஏர்ஃப்ரேம் லாக்புக், ஏ.டி. நிலைப் பட்டியல், வாலில் நடந்த பெரிய பழுதுபார்ப்புக்கான 337 படிவங்கள்.

ஏ.டி. நிலைப் பட்டியல் இல்லாமலே விமானத்தை வாங்கியிருந்தால், இதைச் சாக்காக வைத்து ஒன்று தயாரித்துவிடுங்கள். ஆணை எண், செய்த முறை, தேதி, அப்போதைய மொத்த மணி நேரம், திரும்பத் திரும்ப வருவதா, அடுத்தது எப்போது. விதிப்படி இது உரிமையாளரிடம் இருக்க வேண்டிய ஆவணம், மெக்கானிக்குடையது அல்ல. விமானத்தை வான்தகுதியோடு வைத்திருக்கும் முதல் பொறுப்பே உரிமையாளருக்குத்தான். 'மெக்கானிக் சொல்லவில்லை' என்பது அங்கே எடுபடாது.

5. யார் செய்யலாம், எவ்வளவு ஆகும்

சாதாரணமாக ஒரு ஏ அண்ட் பி மெக்கானிக் (விமான உடலுக்கும் எஞ்சினுக்கும் எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் பெற்றவர்) செய்து கையெழுத்துப் போட்டால் போதும். வருடாந்தரப் பரிசோதனையோடு சேர்த்தாலோ, பெரிய பழுதுபார்ப்பு வந்தாலோதான் ஐ.ஏ. என்ற கூடுதல் பரிசோதனை அங்கீகாரம் உள்ளவர் வேண்டும். விமானி உரிமம் இருக்கிறது என்பதற்காக நீங்களே ஏ.டி. பரிசோதனையில் கையெழுத்திட முடியாது. ஏதாவது ஒரு ஏ.டி. 'விமானியே பார்க்கலாம்' என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் முடியும்.

மெக்கானிக்கிடம் 'இந்த ட்ரிம் வேலையை முன்பு செய்திருக்கிறீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். தான் முன்பு செய்திராத வேலையைத் தனியாகச் செய்து கையெழுத்திட அவருக்கு விதியில் இடமில்லை, அனுபவம் உள்ளவரின் மேற்பார்வை வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் வாலைக் கொடுக்காதீர்கள்.

செலவுக்கு வருவோம். ஏ.டி.யிலேயே ஒரு செலவு அட்டவணை இருக்கும். அதில் எஃப்.ஏ.ஏ. வழக்கமாகப் போடும் கூலி மணிக்கு 85 டாலர். அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் பில்லைப் பார்த்து அதிர்ச்சிதான். கூலி கடைக்குக் கடை வேறு. 'பரிசோதனை', 'குறை இருந்தால் மாற்றுதல்' என்று அட்டவணையில் இரண்டு வரிகள் பிரிந்திருக்கும். பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். கடையிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: மணிக்குக் கூலி எவ்வளவு, பேனல் திறந்து மூடுவது சேர்த்தா, குறை இருந்தால் என்னைக் கேட்காமல் எந்தத் தொகை வரை செலவு செய்வீர்கள், பாகம் வரும்வரை விமானம் நின்றால் ஹேங்கர் வாடகை யாருடையது. நான்காவதை நிறையப் பேர் கேட்பதில்லை. ஆக்சுவேட்டரைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பிவிட்டால் அது திரும்பி வரும்வரை விமானம் அங்கேதான் நிற்கும்.

செலவைக் குறைக்க ஒரு நேர்மையான வழி உண்டு. மெக்கானிக்கின் மேற்பார்வையில் பேனல் கழற்றுவது, அழுக்கைத் துடைப்பது போன்றவற்றை நீங்களே செய்யலாம். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். பரிசோதனை அவருடையது.

6. பரிசோதனை நாளில் என்ன நடக்கும்

முடிந்தால் கூடவே நில்லுங்கள். வாலில் எங்கே என்ன இருக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

உங்கள் விமானத்தின் ட்ரிம் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செஸ்னா 172இல் வலது எலிவேட்டரின் (கிடைவாலின் அசையும் பின்பகுதி) பின்விளிம்பில் ஒரு சின்ன டேப், அதை வலது ஸ்டெபிலைசருக்குள் (கிடைவாலின் முன்பகுதி) இருக்கும் திருகு ஆக்சுவேட்டர் ஒரு தண்டு வழியாகத் தள்ளும். பைப்பர் பி.ஏ.-28இல் கிடைவால் முழுவதுமே அசையும், அதன் பின்னால் ஆன்டி-சர்வோ டேப். அந்த வாலைக் கையால் தூக்கினால் டேப்பும் அதே திசையில் இன்னும் அதிகமாக எழும். புதிதாக வாங்கியவர்கள் அதைப் பார்த்துக் குறை என்று பயப்படுகிறார்கள், அது வடிவமைப்பே அப்படித்தான். மூனியில் வால் முழுவதும் சாயும். செஸ்னா 180, 185 போன்றவற்றில் ஸ்டெபிலைசரின் கோணமே மாறும்.

ஏ.டி. சொன்னதைத்தான் மெக்கானிக் செய்வார். ஆனால் ட்ரிம் ஏ.டி.க்கள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடங்களுக்குத்தான் வரும்: ஆட்டம், போல்ட், விரிசல், அரிப்பு, கேபிள்.

ஆட்டத்தை அளப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். செஸ்னாவின் பல மேனுவல்களில் முறை இப்படி: எலிவேட்டரையும் டேப்பையும் நடுநிலையில் வைத்து, எலிவேட்டர் அசையாதபடி கட்டிவிட வேண்டும். டேப்பின் உள்முனையில் முன்னிருந்து பின்னாக அகலத்தை அளந்து 0.025ஆல் பெருக்க வேண்டும். வருவதுதான் அனுமதிக்கப்பட்ட மொத்த ஆட்டம். அகலம் 5 அங்குலம் என்றால் 0.125 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பிறகு பின்விளிம்பை விரலால் மிதமாக மேலும் கீழும் தள்ளி அளப்பார்கள். எலிவேட்டரைச் சரியாகக் கட்டாவிட்டால் அதன் அசைவும் சேர்ந்து நல்ல டேப் கெட்டதாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: எந்த நட்டு தேய்ந்தது என்று பார்க்காமல் கீலில் கொஞ்சம் கிரீஸைத் திணித்து, இறுகிவிட்டது, சரி என்று விடுவார்கள். அளவு வரம்பைத் தாண்டினால் ஆட்டம் கீலிலா, தண்டின் போல்ட் துளையிலா, ஆக்சுவேட்டருக்குள்ளேயா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

இவ்வளவு சின்ன ஆட்டத்துக்கு ஏன் இத்தனை பாடு என்றால், தளர்ந்த டேப் வேகத்தில் படபடக்க ஆரம்பித்தால் சில நொடிகளில் வாலையே சிதைத்துவிடக்கூடும். 2011 செப்டம்பரில் ரீனோ விமானப் பந்தயத்தில் ஒரு பி-51 விழுந்து 11 பேர் இறந்தார்கள். விசாரணையில் எலிவேட்டர் ட்ரிம் டேப்பின் திருகுகள் தளர்ந்திருந்ததும், லாக்நட்டுகளின் உட்பூண் தேய்ந்து பிடிமானம் இழந்திருந்ததும் தெரிந்தது. அது பந்தயத்துக்காக மாற்றியமைத்த விமானம், உங்களுடைய வேகம் வேறுதான். ஆனால் லாக்நட் எல்லா விமானத்திலும் லாக்நட்டே. கழற்றிய நட்டைத் திரும்பப் போடலாமா என்பதை மேனுவலைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். புதிது சில்லறைக் காசுதான். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பப் போடக்கூடாது.

போல்ட் கழன்று விழுந்தால் வேறு ஆபத்து. தண்டு பிரிந்து டேப் தன் வழக்கமான எல்லையைத் தாண்டிய நிலையில் சிக்கிக்கொள்ளலாம். அப்போது ஸ்டியரிங்கில் வரும் பளுவைக் கையால் சமாளிக்க முடியாமல் போகலாம்.

கேபிளைத் துணியால் பிடித்து முழு நீளத்துக்கும் உருவிப் பார்ப்பார்கள். அறுந்த இழை துணியில் மாட்டும். வெறுங்கையால் உருவாதீர்கள். கப்பிகளின் மேல் வரும் பகுதியைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தால்தான் உள்ளே அறுந்தது தெரியும். டேப்பின் அடியில் நீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் தங்கினால் அரிப்பு வரும், எடையும் கூடும்.

7. குறை தென்பட்டால்

பதற வேண்டாம், ஆனால் அந்த நிமிடத்திலிருந்து விமானம் பறக்காது. ஆக்சுவேட்டரையோ டேப்பையோ வாங்கும்போது பாகத்தோடு 8130-3 சீட்டு (பாகம் பறக்கத் தகுந்தது என்று காட்டும் எஃப்.ஏ.ஏ. படிவம்) வருகிறதா என்று பாருங்கள். பழைய பாகம் விற்பவர் 'நல்லா ஓடிக்கிட்டிருந்த விமானத்துலருந்து எடுத்தது' என்று வாயால் சொல்வதை ஆவணமாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

பாகத்தை மாற்ற வேறு ஊருக்குப் பறக்க வேண்டியிருந்தால் சிறப்புப் பறப்பு அனுமதி வேண்டும், பேச்சு வழக்கில் ஃபெர்ரி பர்மிட். 8130-6 படிவத்தில் எஃப்.ஏ.ஏ.யின் உள்ளூர் அலுவலகமான எஃப்.எஸ்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கலாம். மெக்கானிக் பார்த்து, அந்த ஒரு பயணத்துக்குப் பாதுகாப்பானது என்று லாக்புக்கில் எழுத வேண்டும். பயணிகளை ஏற்ற முடியாது. சில ஏ.டி.கள் இந்த அனுமதியையே தடுத்திருக்கும் அல்லது நிபந்தனை போட்டிருக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். ட்ரிம் தண்டு கழன்ற நிலையில் அனுமதி கிடைத்தாலும் நான் பறக்க மாட்டேன். மெக்கானிக்கை வரவழைக்கும் செலவு பரவாயில்லை.

8. மாட்டிய பிறகு திசையைப் பாருங்கள்

இதைத் தயவுசெய்து நீங்களே செய்யுங்கள், யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. கேபிளோ சங்கிலியோ கழன்று மாட்டப்பட்டிருந்தால் திசை தலைகீழாகிவிட வாய்ப்பு உண்டு. ஒருவர் உள்ளே, ஒருவர் வாலருகே. உள்ளே இருப்பவர் ட்ரிம் சக்கரத்தை மூக்கு மேலே என்ற பக்கம் சுழற்ற வேண்டும். டேப் வகை விமானத்தில் டேப்பின் பின்விளிம்பு கீழே இறங்க வேண்டும். மேலே போனால் தவறு. நிறையப் பேர் இதை மாற்றி நினைக்கிறார்கள்: டேப் கீழே போனால் காற்று எலிவேட்டரை மேலே தள்ளும், மூக்கு எழும். செஸ்னா 180 போல ஸ்டெபிலைசரின் கோணமே மாறும் வகையில் அதன் முன்விளிம்பு கீழே இறங்க வேண்டும்.

அப்புறம் இரு எல்லைவரை சுழற்றுங்கள். எங்காவது உரசுகிறதா, இறுகுகிறதா, காட்டி முள் உண்மையான நிலையைக் காட்டுகிறதா. டிகிரி அளவை மெக்கானிக் கருவி வைத்து அளந்து தரவுத்தாளோடு ஒப்பிட்டிருக்க வேண்டும், எண்களைக் கேட்டு வாங்குங்கள். மின் ட்ரிம் இருந்தால் பட்டனின் திசை, துண்டிக்கும் பட்டன், சர்க்யூட் பிரேக்கர் மூன்றையும் தரையிலேயே சோதியுங்கள்.

9. லாக்புக் பதிவு

'ஏ.டி. செய்யப்பட்டது' என்று ஒற்றை வரியில் எழுதினால் பிற்காலத்தில் விமானத்தை விற்கும்போது வாங்குபவர் கேள்வி கேட்பார். பதிவில் இருக்க வேண்டியவை: ஏ.டி. எண், திருத்தம் இருந்தால் அதன் தேதி, எந்தப் பத்தியின்படி எந்த புல்லட்டினின் எந்தத் திருத்தத்தைக் கொண்டு செய்தது, அளந்த ஆட்டம், மாற்றிய பாக எண்கள், தேதி, மொத்த மணி நேரம், மெக்கானிக்கின் கையெழுத்து, சான்றிதழ் எண், வகை. திரும்பத் திரும்ப வரும் ஏ.டி. என்றால் அடுத்த கெடு எந்த மணி நேரத்தில், எந்தத் தேதியில் என்பதும். பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று படியுங்கள். பிறகு திருத்தச் சொல்லிக் கடைக்கு நடப்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.

திரும்ப வரும் பரிசோதனைக்குச் சில ஏ.டி.களில் முற்றுப்புள்ளி வைக்கும் வழியும் இருக்கும். புது வடிவமைப்புப் பாகத்தைப் போட்டால் அதன் பிறகு பரிசோதனை வேண்டாம் என்று. விலையைப் பார்த்துப் பலர் வேண்டாம் என்கிறார்கள். வருடத்துக்கு நீங்கள் எத்தனை மணி நேரம் பறக்கிறீர்கள், ஒவ்வொரு பரிசோதனைக்கும் எவ்வளவு ஆகிறது என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதிகம் பறக்கிறவர் என்றால் பாகத்தை மாற்றிவிடுவதே மலிவாக முடியலாம். மாற்றினால், இனிப் பரிசோதனை தேவையில்லை என்பதைப் பத்தி எண்ணோடு லாக்புக்கில் எழுதி வாங்கி, நிலைப் பட்டியலிலும் அன்றே ஏற்றிவிடுங்கள்.